மழையில் வென்ற அணி: 1934ஆம் ஆண்டுக் கல்கத்தா லீக்கும் நமக்கான படிப்பினையும்



மஃக்ரிபுக்குப் பின் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் உஹது யுத்தம் எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டால் சற்று யோசிக்கிறார்கள். ஐரோப்பாவின் ஏதேனும் ஒரு கால்பந்து அணியில் பதினோராம் எண் சட்டை அணிபவர் யார் என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. இதைக் கண்டு பெற்றோர் பலர் வருந்துகிறார்கள். விளையாட்டு பிள்ளைகளின் காலத்தை விழுங்குகிறது என்பது அவர்கள் கவலை. அக்கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் விளையாட்டு முழுவதையும் வீண் என்று ஒதுக்கிவிட மார்க்கம் நமக்குக் கற்பிக்கவில்லை. பெருநாள் அன்று அபிசீனியத் தோழர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு களிக்க நபி (ஸல்) அவர்கள் இடம் கொடுத்து நின்றதையும் ஸஹீஹான நூல்களில் நாம் படித்திருக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுப்பதற்கு முன், அந்த ஆர்வத்தின் உள்ளேயே ஒரு பாடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். நம் நாட்டின் கால்பந்து வரலாற்றில் அப்படி ஒரு பருவம் உண்டு. அது 1934ஆம் ஆண்டுக் கல்கத்தா கால்பந்து லீக். அப்பருவத்தில் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் என்னும் அணி செய்ததையும், அதன் பின் அவ்வெற்றியைச் சுற்றி நடந்ததையும் ஒருசேர அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்குப் பயன்தரும் என்று கருதுகிறோம்.

லீக் என்னும் நீண்ட சோதனை

கால்பந்தில் போட்டிகள் இருவகைப்படும். ஒன்று கோப்பைப் போட்டி. அதில் தோற்ற அணி அன்றே வெளியேறும். நான்கைந்து ஆட்டங்களில் நன்றாக ஆடினால் கோப்பை கைக்கு வந்துவிடும். மற்றொன்று லீக். அதில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆட வேண்டும். வென்றால் புள்ளிகள் உண்டு, சமன் செய்தாலும் புள்ளி உண்டு. பருவத்தின் முடிவில் அதிகப் புள்ளி பெற்ற அணியே முதலிடம் பெறும். அக்காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்பது வழக்கம். ஒரு நாள் வீரத்தால் லீக்கை வெல்ல இயலாது. பல வாரங்கள் தளராமல் ஆட வேண்டும்.

இம்முறை இங்கிலாந்தில் தோன்றியது. அங்கே 1885இல் ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1888இல் 12 கழகங்கள் சேர்ந்து ஊதிய ஆட்டக்காரர்களின் லீக்கைத் தொடங்கின. அதே காலத்தில் ஊதியம் இன்றி, பகலில் வேலை பார்த்துவிட்டு விருப்பத்தால் ஆடுவோரும் வட்டாரந்தோறும் தங்களுக்கென லீக்குகளை அமைத்தார்கள். வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தர்ன் லீக் 1889இல் தொடங்கியது. லண்டன் வட்டாரத்தின் இஸ்த்மியன் லீக் 1905இல் உருவானது. இந்த இரண்டாவது லீக்கை நிறுவியவர்கள் வென்ற அணிக்குக் கோப்பையோ பதக்கமோ தருவதில்லை என்று தொடக்கத்தில் முடிவு செய்தார்கள். கண்ணியம் ஒன்றே போதும் என்பது அவர்கள் கொள்கை. ஊதிய ஆட்டக்காரர், ஊதியமில்லா ஆட்டக்காரர் என்ற பாகுபாட்டை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1974இல்தான் நீக்கியது.

இந்த மரபை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்களும் வணிகர்களும். இந்தியாவின் அன்றைய தலைநகரான கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கம் 1893இல் அமைந்தது. 1898இல் கல்கத்தா லீக் தொடங்கியது. ஆசியாவின் முதல் கால்பந்து லீக் அதுவே. முதல் ஆண்டில் வென்றது குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் என்னும் படைப்பிரிவு அணி.

கதவுக்கு வெளியே

அந்த லீக்கில் தொடக்கத்தில் இந்திய அணிகளுக்கு இடமில்லை. ஆள்வோர் ஆடுவார்கள், ஆளப்படுவோர் வேலியோரம் நின்று பார்க்கலாம் என்பதே நிலை. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2–1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்றவர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அன்று கல்கத்தாவின் முஸ்லிம்களும் தம் ஹிந்துச் சகோதரர்களின் வெற்றியைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடியதை அக்கால முஸ்லிம் பத்திரிகைகள் பதிவு செய்துள்ளன. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

ஷீல்டு என்பது கோப்பைப் போட்டி. லீக்கின் கதவோ அதற்குப் பின்னும் எளிதில் திறக்கவில்லை. 1914இல் இரண்டாம் டிவிஷனில் இந்திய அணிகள் சேர்க்கப்பட்டன. 1915இல் மோகன் பகான் முதல் டிவிஷனுக்கு வந்தது. அங்கும் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி இருந்தது. எத்தனை நன்றாக ஆடினாலும் மூன்றாவது இந்திய அணி மேலே ஏற முடியாது. 1924இல் இரண்டாம் டிவிஷனில் தகுதி பெற்ற ஈஸ்ட் பெங்கால் இந்த அநீதியை எதிர்த்து நின்றது. விதி தளர்ந்தது, 1925இல் அவ்வணி முதல் டிவிஷனில் ஆடியது. பின்னர் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் மேலே வந்த வழி இவ்வாறு ஒரு சகோதரக் கழகத்தின் போராட்டத்தால் திறக்கப்பட்டது.

கதவு திறந்த பின்னும் பட்டம் எட்டாத உயரத்திலேயே இருந்தது. இந்திய அணிகள் பலமுறை இரண்டாம் இடம் வரை வந்து நின்றன. 1898 முதல் 1933 வரை ஒரு முறைகூட முதலிடம் இந்தியர் கைக்கு வரவில்லை. 1931, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரி. நாம் மேலே குறிப்பிட்ட நார்தர்ன் லீக்கின் தாய்மண் அந்த டர்ஹம் வட்டாரமே. அங்கு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு கால்பந்து அணி இருந்தது. அந்த மண்ணிலிருந்து வந்த சிப்பாய்களை வெல்வது எளிய காரியமன்று.

நாற்பத்து மூன்று ஆண்டுகள்

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1891இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. அதற்கு முன் வேறு பெயர்களில் சிறு சங்கங்களாக இயங்கிய முஸ்லிம் இளைஞர்கள் ஒன்றுகூடி அமைத்த கழகம் அது. தொடங்கிய நாள் முதல் 1933 வரை அதன் பெயர் பெரிதாகப் பேசப்படவில்லை. நெடுங்காலம் கீழ்நிலைகளிலேயே ஆடியது. பணம் குறைவு, ஆட்டக்காரர் குறைவு, புகழ் இல்லை. ஆனால் கழகம் கலைந்துபோகவில்லை. தந்தை ஆடிய திடலில் மகன் ஆடினான். 1933ஆம் ஆண்டு இரண்டாம் டிவிஷனில் தகுதி பெற்று, 1934இல் முதன்முறையாக முதல் டிவிஷனில் காலடி வைத்தது.

நற்செயல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, சிறிதாயினும் விடாமல் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். இந்தக் குணத்தை நாம் இஸ்திகாமத் என்கிறோம். வணக்கத்தில் வேண்டப்படும் அக்குணம் வாழ்வின் மற்றத் துறைகளிலும் பலன் தருகிறது. 43 ஆண்டுகள் ஒரு சிறு கழகத்தை அணையாமல் காத்த பெயர் தெரியாத மனிதர்கள் இல்லையென்றால் 1934 இல்லை.

மழையும் பூட்ஸும்

இனி அந்த வெற்றியின் உட்பொருளுக்கு வருவோம்.

கல்கத்தா லீக்கின் பருவம் மே மாதத்தில் தொடங்கும். அப்போது தரை கட்டாந்தரையாக இருக்கும். வெறுங்காலுடன் ஆடும் இந்தியர்கள் காய்ந்த தரையில் மான்களைப் போல் ஓடுவார்கள். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். கனத்த பூட்ஸ் அணிந்த வெள்ளையர் அவர்களைத் துரத்தித் திணறுவார்கள். ஜூன் மாதத்தில் பருவமழை இறங்கியதும் நிலைமை தலைகீழாகும். மைதானம் சேறாகும். அக்காலப் பந்து தோலால் ஆனது. நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். வெறுங்கால் வழுக்கும், பந்தை உதைத்தால் பாதம் நோகும், எதிரியின் பூட்ஸ் பட்டால் விரல் நசுங்கும். அடியில் குமிழ்கள் பதித்த பூட்ஸ் அணிந்தவனோ சேற்றில் ஊன்றி நிற்பான். மே மாதத்தில் சேர்த்த புள்ளிகளை இந்திய அணிகள் ஜூன், ஜூலையில் இழந்தன. ஆண்டுதோறும் இதுவே கதை.

மழையைக் குறை கூறியவர் பலர். முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் செயலாளர் சி. ஏ. அஸீஸ் என்பவரோ பூட்ஸ் வாங்கினார். ஈரத்தரையில் தம் வீரர்கள் காலணியுடன் ஆட வேண்டும் என்று முடிவு செய்து அதற்குப் பழக்கினார். இன்று கேட்பதற்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். அன்று அப்படியில்லை. பிறந்தது முதல் வெறுங்காலில் பந்தாடிப் பழகியவனுக்குப் பூட்ஸ் என்பது கால்விலங்கு. அதை அணிந்து பந்தை உணரவும், திரும்பவும், உதைக்கவும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வெறுங்கால் ஆட்டமே நம் பெருமை என்று எண்ணியவர்களும் நாட்டில் நிறைய இருந்தார்கள். 14 ஆண்டுகள் கழித்து 1948 லண்டன் ஒலிம்பிக்கில்கூட இந்திய அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடி ஃபிரான்ஸிடம் 1–2 எனத் தோற்றார்கள். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. அஸீஸ் எவ்வளவு முன்னதாக யோசித்தார் என்பது இதனால் விளங்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். தவக்குல் என்பது காரணங்களைக் கைவிடுவதன்று. மழை பெய்யும் என்று தெரிந்தால் மழைக்கேற்ற காலணியைத் தேடுவதும் தவக்குலின் பகுதியே. தோல்விக்குப் பின் நம்மை ஒடுக்குகிறார்கள், நடுவர் நமக்கு எதிரி, காலம் நமக்கு எதிரி என்று புலம்புவது எளிது. கல்கத்தாவில் அப்புலம்பலுக்கு உண்மையான காரணங்களும் இருந்தன. ஆனால் புலம்பல் ஒரு கோல்கூட அடித்துத் தராது.

அஸீஸ் செய்த இரண்டாவது காரியம், திறமையாளர்களை நாடெங்கும் தேடியது. அன்றைய கழகங்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆட்டக்காரர்களையே நம்பின. அவரோ பெங்களூரிலிருந்தும் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் வீரர்களை வரவழைத்தார். தாய்மொழி வேறு, உணவு வேறு, உடை வேறாக இருந்தவர்கள் ஓர் அணியாயினர். பெங்களூர் முஸ்லிம்கள் கால்பந்தில் எத்தனை வல்லவர்கள் என்பதை ஒரு செய்தி காட்டும்: பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலில் வென்ற இந்திய அணி, 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் அணியே. அடுத்த ஆண்டும் அவ்வணியே வென்றது.

அணியில் இளையோர் மட்டுமல்லாமல் மூத்தோரும் இருந்தனர். பிஹாரின் பூர்ணியாவில் 1895இல் பிறந்த சையித் அப்துஸ் ஸமத், வங்காளத்தார் 'மந்திரவாதி' என்று அழைத்த பந்தாட்டக்காரர். இரயில்வே ஊழியர். 1934இல் அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட வேண்டிய வேலையை இளைஞர்களிடம் விட்டு, பந்து எங்கே போக வேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். வலப்பக்கம் முஹம்மது ஸலீம், பின்களத்தில் ஜும்மா கான் போன்றோர் நின்றனர்.

1934

முதல் டிவிஷனுக்குப் புதிதாக வந்த அணி அந்த ஆண்டு கீழே விழாமல் தாக்குப்பிடித்தாலே போதும் என்பது உலகெங்கும் உள்ள எதிர்பார்ப்பு. முஹம்மதன் ஸ்போர்ட்டிங் முதல் பருவத்திலேயே பட்டத்தை வென்றது. மழைக்காலம் வந்தபோது வழக்கம்போல் ஓர் இந்திய அணி சரியும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். லீக் தொடங்கி 36 ஆண்டுகளுக்குப் பின் முதன்முதலாக ஓர் இந்தியக் கழகத்தின் பெயர் வென்றோர் பட்டியலில் பொறிக்கப்பட்டது.

அன்றைய கல்கத்தா முஸ்லிம்களில் பெரும்பாலோர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த மகிழ்ச்சியின் ஆழம் விளங்கும். துறைமுகத்தில் சுமை தூக்குவோர், கப்பல் தொழிலாளர், தையற்காரர், சணல் ஆலைகளில் உழைப்போர். வாரம் முழுவதும் கங்காணியின் அதட்டலுக்குத் தலைகுனிந்து நின்றவர்கள். மைதானத்தில் இடம் கிடைக்காதவர்கள் மரங்களின் மேலும் கோட்டை மதிலருகேயுள்ள மேட்டிலும் ஏறி நின்று ஆட்டம் பார்த்தார்கள். தம்மைப் போன்ற ஒருவன் வெள்ளைச் சிப்பாயின் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போவதை அவர்கள் கண்டார்கள். சட்டம் இருவருக்கும் ஒன்றாக இருந்த ஒரே இடம் அந்த மைதானக் கோட்டுக்குள்தான். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் அவ்வணியை வாழ்த்திக் கவிதை எழுதினார்.

அடுத்த ஆண்டும் பட்டம். அதற்கடுத்த ஆண்டும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள். 1936இல் லீக்கோடு ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் சேர்த்து வென்றது. 1911க்குப் பின் ஷீல்டு ஓர் இந்திய அணியின் கைக்கு வந்தது அப்போதுதான். 1940 டிசம்பரில் டெல்லியில் ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமென்டை 2–1 என வென்று டூரண்ட் கோப்பையைப் பெற்ற முதல் இந்திய அணியும் இதுவே.

கிளாஸ்கோவில் ஒரு கல்கத்தாவாசி

1936இல் முஹம்மது ஸலீம் ஓர் உறவினரின் தூண்டுதலால் கப்பலேறி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றார். அங்குள்ள செல்டிக் கழகத்தின் பயிற்சியாளர்கள் முன் வெறுங்காலுடன் பந்தாடிக் காட்டினார். வியந்த அவர்கள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு அவர் செல்டிக்கின் துணை அணியில் இரு ஆட்டங்கள் ஆடினார். ஒன்றில் 5–1, மற்றொன்றில் 7–1 என அவ்வணி வென்றது. கிளாஸ்கோப் பத்திரிகைகள் அவரைப் பெரிதும் புகழ்ந்தன. ஐரோப்பியக் கழகம் ஒன்றில் ஆடிய முதல் இந்தியர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

செல்டிக் கழகத்தின் பிறப்பும் நம் கவனத்திற்குரியது. அயர்லாந்திலிருந்து வறுமையால் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த கத்தோலிக்கர்களின் பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டுவதற்காக, 1887இல் ஒரு துறவி அதை நிறுவினார். சிறுபான்மையாக, இளக்காரமாக நடத்தப்பட்ட ஒரு சமூகத்தின் அணி அது. அங்கு இன்னொரு நாட்டின் சிறுபான்மைச் சமூக அணியிலிருந்து ஒருவர் போய்ச் சேர்ந்தார். ஊர் ஏக்கத்தால் ஸலீம் திரும்ப விரும்பியபோது, அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி வருவாயில் பங்கு தருவதாகக் கழகம் சொன்னது என்றும், அவர் அந்தப் பணத்தை ஆட்டத்தைக் காண வரும் அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் என்றும் அவருடைய குடும்பத்தார் வழியாக ஒரு செய்தி வந்திருக்கிறது. கோல் கணக்குகளைவிட இச்செய்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்வது மேல்.

பெருமை திசைமாறிய இடம்

இதுவரை சொன்னவை எவருக்கும் மகிழ்ச்சி தருபவை. கதையை இங்கே நிறுத்திவிட்டால் நாம் வரலாற்றுக்கு நேர்மையாக இருக்க மாட்டோம்.

1911இல் ஹிந்துக்களின் வெற்றியை முஸ்லிம்கள் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள் என்று முன்னர் குறிப்பிட்டோம். 1934இன் வெற்றியும் தொடக்கத்தில் ஓர் இந்திய அணி வெள்ளையரை வென்ற வெற்றியாகவே பலராலும் பார்க்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் செல்வதற்குள் அந்தப் பார்வை மாறியது. தனித் தொகுதி முறை, 1937 மாகாணத் தேர்தல், அதன் பின் வந்த கசப்புகள் யாவும் மைதானத்துக்குள் நுழைந்தன. மோகன் பகானுக்கும் முஹம்மதனுக்கும் நடக்கும் ஆட்டம் இரு கழகங்களின் ஆட்டமாக இல்லாமல் இரு சமயங்களின் மோதலாக எண்ணப்பட்டது. ஒரு தரப்பில் பொறாமையும் மறு தரப்பில் ஆணவமும் வளர்ந்தன. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் கல்லெறிதலும் கைகலப்பும் நடந்தன. கழகத்தின் வெற்றியை அரசியல் தலைவர்கள் தம் மேடைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய படுகொலைகளில் இரு சமூகத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதற்குக் கால்பந்து காரணமன்று. ஆயினும் எதிர் அணியை ஆதரிப்பவனை எதிரி என்று பார்க்கும் பழக்கம் மைதானத்தின் ஓரத்திலும் வளர்க்கப்பட்டது என்பதை மறுக்க இயலாது. அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. முதிய ஸமத் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய் இரயில்வேயிலேயே வேலை பார்த்து, 1964இல் பார்பதிபூரில் மறைந்தார். அணியாக நின்று ஆடியவர்கள் எல்லைக்கோட்டின் இருபுறமும் சிதறினார்கள்.

தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யா ஆகுமா என்று ஒருவர் கேட்டபோது, நேசிப்பது தவறில்லை, அநீதியில் தன் கூட்டத்தாருக்குத் துணைபோவதே அஸபிய்யா என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கமளித்ததாக ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. எத்தனை நுட்பமான வரம்பு! 1934இல் துறைமுகத் தொழிலாளி ஆனந்தக் கண்ணீர் வடித்தது நேசம். பின்னாளில் எதிரணி ஆதரவாளனின் தலையில் கல் விழுந்தபோது நம் ஆள்தானே எறிந்தான் என்று வாய்மூடி நின்றது அஸபிய்யா. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மனிதன் ஒரே நாளில் போய்விடுவதில்லை. சிறு சிறு கேலிகள், சிறு சிறு வசைகள், கண்டும் காணாமல் விடுதல்கள் வழியாகவே போகிறான்.

உயர்வதும் தாழ்வதும்

நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்களுக்கு அது மனவருத்தம் தந்தது. இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற பாடத்தை அப்போது நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். தோல்வியைத் தாங்கும் பக்குவத்தை இதைவிட அழகாக எவரும் கற்பிக்க இயலாது.

முஹம்மதன் கழகமும் அந்த நியதிக்கு விலக்கன்று. 1981இல் கல்கத்தா லீக்கை வென்ற பிறகு அடுத்த பட்டத்துக்கு 40 ஆண்டுகள் காத்திருந்தது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மீண்டும் வென்றது. 2023–24 பருவத்தில் ஐ–லீக்கை வென்று இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. அங்கு அதன் முதல் வெற்றி எங்கே கிடைத்தது தெரியுமா? நம் சென்னையில், நேரு விளையாட்டரங்கில். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சென்னையின் அணியை 1–0 என வென்றது. அந்த ஒற்றை கோலை அடித்தவர் மிசோரமைச் சேர்ந்த ஓர் இளைஞர். அப்போதைய பயிற்சியாளர் ஒரு ரஷ்யர். அப்பருவத்தில் அவ்வணியில் பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் பல நாட்டவரும் ஆடினார்கள். பெயர் மாறவில்லை, கொடியில் பிறை மாறவில்லை, ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அந்தப் பருவத்தின் முடிவில் அவ்வணி பட்டியலின் கடைசி இடத்துக்கு இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அள்பாவின் பாடம் இன்றும் நடந்துகொண்டே இருக்கிறது.

நம் வீடுகளுக்கு

கோவிலம்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் கீழ்க்கட்டளையிலும் முன்பு பிள்ளைகள் பந்தாடிய வெற்று மனைகளில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. இளைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் டர்ஃப் திடல்களில் இரவு நேரத்தில் ஆடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இப்பகுதியில் மிச்சமிருக்கும் மைதானங்களில் நீர் தேங்கிவிடுகிறது. மழை எவ்வாறு ஆட்டத்தை மாற்றும் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர்களுக்குப் பெற்றோர் மூன்று செய்திகளைச் சொல்லலாம்.

முதலாவது, தொடர்ச்சி. ஒரு மாதம் ஆடி மறு மாதம் விட்டுவிடும் பழக்கம் ஆட்டத்தையும் வளர்க்காது, படிப்பையும் வளர்க்காது. ஆட்டத்துக்கு ஒரு நேரம், பாடத்துக்கு ஒரு நேரம், தொழுகைக்கு அதற்குரிய நேரம் என்று வகுத்து அதில் நிலைத்து நிற்கப் பழக்குங்கள். தொழுகையைத் தவறவிட்டுப் பெறும் வெற்றியில் பரக்கத்தை எதிர்பார்க்க இயலாது.

இரண்டாவது, ஆயத்தம். பிள்ளை தோற்று வந்து நடுவரையும் மைதானத்தையும் குறை கூறினால், முழுவதும் கேட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு உன்னால் மாற்றக்கூடியது எது என்று ஒரு கேள்வி கேளுங்கள். தேர்விலும் வணிகத்திலும் சமுதாயத்தின் உரிமைக் கோரிக்கைகளிலும் அவன் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அநீதி இருக்குமிடத்தில் அதை எதிர்க்கவும் வேண்டும்; ஈஸ்ட் பெங்கால் எதிர்த்ததால்தான் விதி தளர்ந்தது. எதிர்ப்போடு ஆயத்தமும் சேர வேண்டும்.

மூன்றாவது, நாவடக்கம். கால்பந்தாயினும் கிரிக்கெட்டாயினும் ஆட்டம் நடக்கும் இரவுகளில் கைப்பேசிக் குழுக்களில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பெற்றோர் ஒருமுறை பார்க்க வேண்டும். தோற்றவரின் சமயத்தை, நிறத்தை, நாட்டை இழித்துப் பேசும் ஒரு வரியை நம் பிள்ளை எழுதியிருந்தால் அன்றிரவே அழைத்துப் பேசுங்கள். பிறர் நம்மைப் பற்றி அப்படி எழுதும்போது வலிக்கிறது அல்லவா? அந்த வலியை அறிந்தவர்கள் மற்றவர்க்கு அதைத் தரலாகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அணி அமைக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவில், எந்தச் சமயத்தில் பிறந்தவனாயினும் சேற்றில் ஓடி வந்து பந்தைத் தருபவன் தோழனே.

1934இல் அந்த அணி வென்றதற்கு நாம் அல்லாஹ்வைப் புகழ்கிறோம். அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த பொறுமையும் உழைப்பும் நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டும் என்றும், அதன் பின்னால் வந்த கசப்பிலிருந்து அவர்களை அவன் காக்க வேண்டும் என்றும் துஆ செய்கிறோம். ஆமீன்.